பார்த்தவர்கள் வரிசையில் அப்பா

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அப்பாவின் போன் கோகிலவாணியின் கையில் அடித்ததையும், திரையில் 'தனசேகர் ரிக்' என்று பெயர் வந்ததையும், அவள் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டதையும் போன வாரம் பார்த்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். முதலில் அவளை நகர்த்துவோம்.

அவள் போனை எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று பேசுவது? எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த எண்ணைத் தன் போனிலிருந்து துடைத்தெறிந்தவள் அவள். அதுவும் சும்மா இல்லை. அம்மா கலைமணி பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, எண், போட்டோக்கள், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு தாயும் மகளும் திருச்செங்கோட்டு மலையேறி, விட்டது சனியன் என்று விளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

இந்தக் கதைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. தனசேகருக்கும் கோகிலவாணிக்கும் இரண்டு வீட்டாரும் உப்புச் சக்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்திருந்தார்கள். அதற்கப்புறம் ஆறு மாதம் அந்தப் பையனுக்குப் பாதிச் சாப்பாடு இந்த வீட்டில்தான். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் போனவன், அங்கிருந்து போன் செய்து கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளி வைக்கலாம் என்றான். ஏன் என்று கேட்டால் இழுத்தான். அப்படியென்றால் வேண்டாமென்றே சொல்லிவிடு என்று இவள் ரோஷமாகச் சொன்னாள். கெஞ்சுவான் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் "சரி" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு 'சரி' இன்னும் அவளுக்குச் செரிக்கவில்லை.

தன் போனில் கதவைச் சாத்தியவள் அப்பாவின் போனில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். அப்பா வேலுமணி நிலத்தடி நீருக்குப் பாயிண்ட் பார்ப்பவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டம் காடுகளில் நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவார். அங்கேதான் ரிக் வந்து நிற்கும். சுற்று வட்டாரத்தில் ரிக் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அவர் போனில் இருந்தார்கள். எந்த ஊரில், எத்தனை அடியில், எத்தனை இஞ்ச் தண்ணீர் என்று அவர்கள் அன்றாடம் வாட்ஸப் ஸ்டேட்டஸ் போடுவார்கள். அந்தத் தொழிலுக்கு அதுதான் செய்தித்தாள். அதனால் தனசேகரின் எண்ணை மட்டும் அழிக்க முடியாது என்று வேலுமணி சொன்னபோது, கலைமணி முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

கல்லூரி அலுவலகத்தில் வேலை முடிந்து சாயந்தரம் வீடு வந்ததும் அப்பாவுக்கு வந்த மெசேஜ்களைப் படித்துப் பதில் போடுவது கோகிலவாணியின் பொறுப்பு. அவருக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. போனில் பச்சையும் சிவப்பும் தவிர வேறு எதுவும் தெரியாது என்பது வீட்டில் எல்லோருடைய நம்பிக்கை. பதில் போட்டு முடித்ததும் அவள் பெருவிரல் தானாக ஸ்டேட்டஸ் பக்கம் நகரும்.

தன் போனில் பார்த்தால் பார்த்தவர்கள் வரிசையில் தன் பெயர் நிற்கும். மானம் போய்விடும். அப்பா போனில் பார்த்தால் அப்பா பெயர்தானே நிற்கும்? தொழில்காரர் தொழில்காரனுடைய ஸ்டேட்டஸைப் பார்த்தால் யார் என்ன நினைக்கப்போகிறார்கள்? பி.இ. படித்த பெண் போட்ட கணக்கு இது. சில நாள், பகலில் அவன் போட்டது ஏற்கெனவே பார்த்ததாகக் காட்டும். போன் சட்டைப்பையில் கிடந்து அப்பா விரல் எங்காவது பட்டிருக்கும் என்று விட்டுவிடுவாள்.

இன்றைக்கு அந்த எண்ணிலிருந்து போனே வந்து, அடித்து ஓய்ந்தது. மாட்டுக் கொட்டகையில் வேலுமணி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இவள் மூச்சு விடுவதற்குள் மெசேஜ் வந்தது.

'மாமா, நானும் பெரியப்பாவும் பதினோரு மணிக்கு ஊட்டுக்கு வாரோமுங்க. நேர்ல ஒரு சமாச்சாரம் பேசோணும்.'

கோகிலவாணி அதை நாலு தடவை படித்தாள். பிறகு அழித்துவிட்டாள். வந்த அழைப்பின் தடத்தையும் அழித்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். அவளுக்கு அவன் வரவேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்றால், விட்டுப்போனதைப் பெரியவர்களை வைத்துப் பேசி ஒட்டவைக்கத்தானே?

அதற்கு அவளிடம் சாட்சி வேறு இருந்தது. ராய்ப்பூரிலிருந்து ஊர் திரும்பியிருந்தவன், போன வாரம் நாமகிரிப்பேட்டைப் பக்கம் அறுநூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீறிட்ட வீடியோவைப் போட்டு, 'காத்திருந்ததுக்குப் பலன்' என்று கீழே எழுதியிருந்தான். அது மூன்று வருஷமாகத் தண்ணீருக்குத் தவித்த தோட்டக்காரருக்கு எழுதியது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கோகிலவாணி தனக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டு ஒரு வாரமாக அதை மனசுக்குள் வைத்திருந்தாள். பிரியம் வைத்தவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் போய்விடுகிறது. என்ன செய்வது?

தலைக்குக் குளித்தாள். அரக்குச் சுடிதாரை இஸ்திரி போட்டு உடுத்தினாள். கோழிக்கறி கழுவிக்கொண்டிருந்த கலைமணி மகளை மேலும் கீழும் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எங்கே புறப்பாடு என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்றாள் இவள். எங்கேயும் போகாதவளுக்கு எதற்குப் பொட்டும் வளையலும் என்று கலைமணி கறியிடம் கேட்டாள். கறி பதில் சொல்லவில்லை.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெள்ளைக் கார் வந்து நின்றது.

முன்னறையில் தேங்காய்களைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்த வேலுமணி வெளியே வந்து திகைத்து நின்றார். காரிலிருந்து தனசேகர் இறங்கினான். கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் பெரியப்பா பெரியசாமி ஒரு தட்டோடு இறங்கினார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த கோகிலவாணிக்கு முதலில் தட்டில் இருந்த வெற்றிலையும் பழமும் தெரிந்தன. வளையலைச் சரிசெய்துகொண்டாள். தட்டு வாசலுக்கு வந்ததும், பழத்துக்கு மேல் இருந்த பத்திரிகை தெரிந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

பின்னாலிருந்து அம்மாவின் ஈரக்கை தோளைப் பிடித்தது. கலைமணியும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த ஒறம்பரையை வாங்க என்று சொல்லாமலிருக்க வேலுமணிக்குத் தெரியாது. வரச்சொல்லி, உட்காரச் சொல்லி, ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"பண்ணுனனுங் மாமா. எடுக்கலீங்க. அப்பறம் மெசேஜ் போட்டேன். நீங்க பாத்துட்டீங்கன்னு நீல டிக் வந்துச்சுங்களே" என்றான் தனசேகர்.

வேலுமணி ஒருதரம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, ஆமாமா, மறந்துவிட்டேன் என்றார்.

பெரியசாமி விவரம் சொன்னார். பெண் பள்ளிபாளையம். வைகாசி பன்னிரண்டு முகூர்த்தம். பையனுடைய அப்பா அம்மாவுக்கு இந்த வீட்டுப்படி ஏற முகமில்லையாம். அதனால்தான் தான் வந்ததாகச் சொன்னார். வேலுமணி எல்லாவற்றுக்கும் சந்தோஷம் என்றார். அந்தச் சொல் அவர் வாயில் ஒட்டவில்லை.

தனசேகர் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"எனக்கும் வாரதுக்குப் பயமாத்தானுங் இருந்துச்சு. ஆனா மாமா, நீங்க என்ற ஸ்டேட்டஸ் ஒண்ணு உடாம பாக்கறீங்க. போட்டுப் பத்து நிமிசம் ஆகாது, உங்க பேரு வந்துரும். மாமனுக்கு நம்ம மேல கோவம் தீந்துருச்சுன்னு அதுலதானுங் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தத் தைரியத்துலதான் பத்திரிகையத் தூக்கிட்டு வந்தேன்."

சமையலறையில் கோகிலவாணிக்குக் காது இரண்டும் சுட்டது. பத்து நிமிஷத்திலா, பகலில் நான் வேலையில் அல்லவா இருப்பேன் என்று ஒரு எண்ணம் ஓடியது. அதைப் பிடித்து நிறுத்த அவளுக்கு அப்போது தெம்பில்லை. அப்பா இப்போது என்ன சொல்லப்போகிறார்? எனக்கு அதையெல்லாம் பார்க்கத் தெரியாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் பார்த்தது யார் என்று அவனுக்கும் தெரிந்துவிடும், அவன் பெரியப்பாவுக்கும் தெரிந்துவிடும், வைகாசிக்குள் பள்ளிபாளையம் வரைக்கும் தெரிந்துவிடும்.

வேலுமணி டிவி மேசையில் கிடந்த தன் போனைப் பார்த்தார்.

"ஆமாங் தம்பி. நாந்தான் பாக்கறேன்" என்றார்.

முன்பெல்லாம் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

பெரியசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, வாய் கொஞ்சம் நீளம்.

"எங்கூட்ல அல்லாரும் இதைச் சொல்லித்தானுங் சிரிப்போம். பொண்ணு மறந்துருச்சாட்ட இருக்குது, பொண்ணப் பெத்தவருக்குத்தான் மறக்க முடியலீன்னு. நம்ம பையனாட்ட ஒரு பையன் அப்பறம் உங்களுக்குக் கெடைக்கலியாட்ட இருக்குதுங்க."

வேலுமணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கையில் தேங்காயோடு அவர் நடந்தால், எப்பேர்ப்பட்ட தோட்டக்காரரும் நாலடி பின்னால்தான் வருவார். அந்த மனுஷர் தன் வீட்டு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, தன்னை வைத்துச் செய்த கேலிக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

கோகிலவாணி தப்பித்துவிட்டாள். அது அவளுக்குத் தெரிந்தது. இப்படியே அடுப்புப் பக்கம் திரும்பி நின்றால் போதும். காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவள் மானம் அவளிடமே இருக்கும். போவது அப்பாவுடையதுதான்.

சொம்பில் தண்ணீர் எடுத்தாள். கலைமணி அவள் கையைப் பிடித்துப் போகாதே என்று தலையை ஆட்டினாள். அம்மாவின் கையை மெல்ல எடுத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். பெரியவருக்கு ஒரு தம்ளர், தனசேகருக்கு ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"அது அப்பா இல்லீங்க" என்றாள். "அப்பா போன்ல நாந்தான் பாத்தேன். எட்டு மாசமாப் பாத்தேன். மறக்க முடியலீங்க, அதனால பாத்தேன். அதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அப்பாவ ஒண்ணுஞ் சொல்லாதீங்க."

பெரியசாமியின் தம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. தமாஷுக்குச் சொன்னது என்று முணுமுணுத்தார். தனசேகர் அவளை நிமிர்ந்து பார்த்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை. அவளும் அவனைப் பார்த்தாள். திரையில் விரலகலத்துக்குத் தெரிந்த முகம் எதிரே முழுசாக இருந்தது. மீசைக்குக் கீழே வியர்த்திருந்தது. போனில் பார்க்கும்போது அவன் இவ்வளவு சாதாரணமாக இருந்ததில்லை.

அப்போதுதான் கலைமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பத்திரிகையைத் தம்பதியாக நின்று வாங்கவேண்டும், கூப்பிட மாட்டீர்களா என்று புருஷனிடம் கேட்டாள். இருவரும் நின்று வாங்கிக்கொண்டார்கள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது அவள் வழக்கத்தில் இல்லை என்பதால் காபியும் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். மறந்துவிட்டதாகத்தான் இன்றுவரை சொல்கிறாள்.

இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். பெரியசாமி முதலில் எழுந்து காருக்கு நடந்தார். தனசேகர் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றான்.

"கோகிலா, அன்னைக்கி நான் சரின்னு சொன்னதுக்கு..." என்று ஆரம்பித்தான்.

காரிலிருந்து பெரியப்பா ஹாரன் அடித்தார். இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறதாம். தனசேகர் வாயை மூடிக்கொண்டு, போய்ட்டு வாரேன் மாமா என்று வேலுமணியிடம் சொல்லிவிட்டுப் போனான். கார் திரும்பித் தார்ரோட்டில் ஏறும் வரைக்கும் மூவரும் வாசலில் நின்றார்கள்.

வேலுமணி மறுபடி தேங்காய்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கோகிலவாணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். காலையில் வந்த மெசேஜை அழித்ததையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்தார்.

"நாந்தான்னு சொல்லிட்டனே கண்ணு. அப்பறம் நீ எதுக்கு வந்த?" என்றார் கடைசியில்.

"நீங்க எனக்காகப் பொய் சொல்லிப்போட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா, நான் எப்படிங்கப்பா உள்ள இருக்கறது?"

"பொய்யி ஒண்ணும் சொல்லலியே."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒரு தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"நீ சாயந்தரந்தான ஊட்டுக்கு வார. பகல்ல அவன் போட்டதெல்லாம் ஆரு பாத்தாங்கற? டீக்கடை ரங்கன் காட்டிக் குடுத்தான், எங்க தொடோணும், எப்படித் தள்ளோணும்னு. எத்தன காட்ல தனசேகரும் நானும் பாயிண்ட் பாத்திருப்போம். வெயில்ல எனக்குக் கொடை புடிச்சுக்கிட்டே வருவான். நல்லா இருக்கறானான்னு பாப்பேன். வேற என்ன."

பகலிலேயே பார்த்ததாகக் கிடந்த ஸ்டேட்டஸ்களெல்லாம் கோகிலவாணிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தன. சட்டைப்பையில் கிடந்த போனில் தவறி விரல் பட்டதாக அல்லவா நினைத்திருந்தாள்.

"நான் பாக்கறது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். ராத்திரிக்குப் போன் என்ற கைக்கு வாரப்ப, சாயந்தரம் போட்டதெல்லாம் பாத்ததாட்ட மங்கிக் கெடக்கும்."

"அப்பறம் ஏனுங்கப்பா ஒரு வார்த்த சொல்லல?"

"என்னத்தச் சொல்றது சாமி? நானும் அதையேதான பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. எட்டு மாதம் ஒரே வீட்டில், ஒரே போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஒரே ஆளை இரண்டு பேரும் தனித்தனியாகத் தேடியிருக்கிறார்கள். அவள் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வேலுமணி தேங்காய் நார் ஒட்டிய கையால் அவள் தலையைத் தடவினார். காலையில் குளித்த தலை முழுக்க நார் ஒட்டிக்கொண்டது.

கலைமணி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அப்பனும் மகளும் உள்ளுக்குள்ளேயே இந்தக் கூத்தை நடத்திக்கொண்டிருக்க, தான் ஒருத்தி மட்டும் முழங்கால் வலியோடு மலையேறி விளக்குப் போட்டேனே என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். போனிலிருந்து அவனை மட்டும் அழித்தது தப்பு, உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அழித்திருக்கவேண்டும் என்றாள். திட்டி முடித்ததும் இரண்டு தட்டில் சோறும் கறியும் போட்டு, ஈரல் துண்டுகள் அத்தனையையும் மகள் தட்டில் வைத்தாள்.

சாயந்தரம் ஆறே காலுக்கு அப்பாவின் மெசேஜ்களுக்குப் பதில் போட கோகிலவாணி போனை எடுத்தாள். இன்றைக்கு ஒளித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்பதால் முன்னறையில், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாலு பேருக்குப் பதில் போட்டு முடித்தாள். பெருவிரல் பழக்கப்படி ஸ்டேட்டஸ் பக்கம் நகர்ந்தது.

தனசேகரின் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் ஓடியது. இப்போதுதான், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ரிக் ஓடாது. தண்ணீர் வீடியோவாக இருக்க முடியாது.

வாசலில் அவன் பாதியில் நிறுத்திய வாக்கியம் அவளுக்கு ஞாபகம் வந்தது. வேலுமணியும் எட்டிப் பார்த்தார். அவருக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

கோகிலவாணி போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"பாக்கலியா?" என்றார் அவர்.

"வேண்டாங்கப்பா. என்ற கிட்டச் சொல்லோணும்னா நேர்ல வந்து சொல்லட்டும். நீங்க வேண்ணாப் பாருங்க."

"எனக்கென்ன, நானும் பாக்கல" என்று வேலுமணி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நாளைச் சாயந்தரம் ஆறேகால் வரைக்கும் அது அங்கே இருக்கும். அப்புறம் தானாகப் போய்விடும். மகள் டீ போட எழுந்து போனாள். அப்பா எருமையைப் பார்க்கப் போனார். போன் மேசையிலேயே கிடந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. கலைமணி மட்டும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே கூட்டிய முன்னறையை இரண்டாம் தடவையாகக் கூட்ட வந்தாள்.